பழைய வன்தட்டும் எங்கள் பக்கத்துப் பிரதியும்

2023 ஓகஸ்ட் மாத இறுதியில் இலங்கை அரசின் மின்னஞ்சல் சேவையைக் கப்பம் கோரும் தீநிரல் ஒன்று தாக்கியது. அரசின் பொது வழங்கியில் இருந்த ஏறத்தாழ 5,000 முகவரிகளில், அந்த ஆண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரை வந்துபோன கடிதங்கள் அழிந்தன. அமைச்சரவை அலுவலகத்தின் கடிதங்களும் அவற்றில் அடக்கம். சேவையை நடத்திவந்த தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவராண்மை அதை விரைவிலேயே திரும்ப இயக்கிவிட்டது. ஆனால் அந்த மூன்று மாதத்துக்கு மட்டும் தன்னிடம் மாற்றுப் பிரதி இல்லை என்பதை ஒப்புக்கொண்டது. அப்போது பயன்பாட்டில் இருந்தது மைக்ரோசொப்டின் எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற மென்பொருள். அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் வழங்குவதை மைக்ரோசொப்ட் அதே ஆண்டு ஏப்ரலில் நிறுத்தியிருந்தது. அந்த நாட்களில் மன்னாரிலிருந்து ஒருவர் அப்படியொரு அரச முகவரிக்கு ஒரு முறைப்பாட்டை அனுப்பியிருந்தால், அலுவலகப் பக்கத்தில் அதன் சுவடே இல்லாமல் போயிருக்கக்கூடும். அனுப்பியவரின் பக்கத்தில் அது இருக்கும், அவர் அழிக்காதிருந்தால். மின்னஞ்சலுக்கு எப்போதும் இரண்டு முனைகள் உண்டு. மறுமுனையில் இருப்பவர் அரசோ, கம்பனியோ, வெளிநாட்டு உறவினரோ, அவர் தன் பிரதியைத் தொலைக்கலாம், மறைக்கலாம், மறுக்கலாம். எங்கள் பக்கத்துப் பிரதியை நாங்கள்தான் காப்பாற்ற வேண்டும். அந்தப் பிரதி இன்றைக்கு எங்கே இருக்கிறது என்று தேடினால், பல வீடுகளிலும் அலுவலகங்களிலும் விடை ஒன்றுதான்: அலுமாரியின் அடித்தட்டில், துணி சுற்றிக் கிடக்கும் பழைய கணினியின் வன்தட்டில்.

மன்னார்த் தீவுக்கும் அதை அடுத்த கரையோரத்துக்கும் இது மற்ற இடங்களைவிட அதிகம் பொருந்துவதற்குக் காரணம் இருக்கிறது. இங்கே காகிதம் தங்கவில்லை. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் உறுதிகளையும் பதிவுகளையும் எடுக்க அவகாசமின்றிக் கடல்வழியாகவும் தரைவழியாகவும் புத்தளத்துக்குப் போனார்கள். 2006 ஜூனில் பேசாலைத் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்தவர்கள் தாக்கப்பட்ட பிறகு எத்தனையோ குடும்பங்கள் படகேறி மண்டபம் முகாமுக்குச் சென்றன. 2007, 2008 ஆம் ஆண்டுகளில் முசலியிலும் மடுவிலும் விடத்தல்தீவிலும் இருந்தவர்கள் ஒரு தடவையல்ல, பல தடவை இடம்பெயர்ந்தார்கள். அந்த ஓட்டத்தில் எஞ்சிய ஆவணங்களின் பெறுமதியை மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் ஆண்டகை 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் காட்டினார். 2008 ஒக்டோபரில் வன்னியில் 429,059 பேர் இருந்ததாகக் கச்சேரிக் கணக்கு சொன்னது. போர் முடிவில் அரச கட்டுப்பாட்டுக்குள் வந்தவர்கள் 282,380 பேர் என்று இன்னொரு கணக்கு சொன்னது. மிச்சம் 146,679 பேருக்கு என்ன நடந்தது என்பதே அவர் கேட்ட கேள்வி. அந்த எண்ணைப் பற்றி எத்தனை வாதம் எழுந்தாலும், கேள்வியைக் கேட்கும் வலு அவருக்குக் கிடைத்தது இரண்டு கணக்குகளும் யாரோ ஒருவர் கையில் இருந்ததால்தான். 2002 போர்நிறுத்தத்துக்குப் பின் தொண்டு நிறுவனங்களும் பங்குப்பணிமனைகளும் கூட்டுறவுச் சங்கங்களும் மேசைக்கணினி வாங்கி, மின்னஞ்சலில் எழுதத் தொடங்கின. இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் மண்டபத்துக்கும் போன குடும்பக் கடிதங்களும் அந்த வழியாகவே போயின. அந்தப் பத்தாண்டின் எழுத்துப் பதிவில் பெரும்பங்கு காகிதத்தில் இல்லை என்பதை நாம் இன்னும் மனதில் எடுத்துக்கொள்ளவில்லை.

“எல்லாம் இணையத்தில்தானே கிடக்கும், பாஸ்வேர்ட் தெரிந்தால் எடுத்துவிடலாம்” என்பது முதலில் வரும் மறுப்பு. இது பாதி உண்மை. அன்றைக்கு அவுட்லுக் எக்ஸ்பிரஸ், அவுட்லுக், தண்டர்பேர்ட், யூடோரா போன்ற மென்பொருளில் கடிதம் பார்த்தவர்களின் நிலை வேறு. அவர்களில் பெரும்பாலோர் ‘பொப்’ முறையில் இணைந்திருந்தார்கள். அந்த முறையில் கடிதம் வழங்கியிலிருந்து கணினிக்கு இறங்கியதும், ‘ஒரு பிரதியை அங்கேயும் வைத்திரு’ என்று யாராவது தெரிவு செய்யாதவரை, வழங்கியில் அது அழிக்கப்பட்டுவிடும். ஆகவே எங்கள் பக்கத்தில் இருக்கும் ஒரே பிரதி அந்த வன்தட்டில்தான். நெட் கஃபேயில் யாகூ, ஹொட்மெயில் பார்த்தவர்களின் கடிதம் வன்தட்டில் இராது, வழங்கியில் இருந்தது. ஆனால் பன்னிரண்டு மாதம் யாரும் உள்நுழையாத அஞ்சல் பெட்டியை யாகூ துடைத்துவிடும். கூகுள் இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பரிலிருந்து நீக்கத் தொடங்கியது. 2008இல் காணாமற்போன ஒருவருடைய யாகூப் பெட்டி அடுத்த ஆண்டே காலியாகியிருக்கும் என்றே கொள்ள வேண்டும். அவர் எழுதியது எஞ்சியிருந்தால், பெற்றவரின் கணினியில் எஞ்சியிருக்கும். இணையத்தை நம்பிப் பழைய பெட்டியை இரும்புக்காரருக்கு நிறுத்துப் போடுவதில் உள்ள பிழை இதுதான்.

வன்தட்டில் என்ன தேடுவது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் திருத்தும் கடைகளில் பலர் படங்களையும் ‘மை டொக்கியுமென்ட்ஸ்’ உறையையும் மட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்கிறார்கள். கடிதங்கள் அங்கே இருப்பதில்லை. அவுட்லுக்கின் கடிதங்கள் பி.எஸ்.டி. என்று முடியும் ஒரே பெரிய கோப்பில் இருக்கும். நிறுவன வழங்கியோடு இணைந்திருந்தால் ஓ.எஸ்.டி. என்று முடியும். அவுட்லுக் எக்ஸ்பிரஸ், விண்டோஸ் எக்ஸ்.பி. காலத்தில், பயனரின் பெயரில் உள்ள உறைக்குள் மறைக்கப்பட்ட இன்னோர் உறையில், ஒவ்வோர் அஞ்சல் பெட்டிக்கும் டி.பி.எக்ஸ். என்று முடியும் ஒரு கோப்பாக வைத்தது. தண்டர்பேர்ட் தன் ‘புரொஃபைல்’ உறையில், பின்னொட்டே இல்லாத ‘இன்பொக்ஸ்’, ‘சென்ட்’ என்ற கோப்புகளாக வைக்கிறது. மறைந்த உறைகளையும் காட்டும்படி செய்து, இந்த முடிவுகளைச் சொல்லித் தேடச் சொல்லுங்கள். அழித்துவிட்ட கடிதத்தைப் பற்றியும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. சங்கத்துக் கணக்குப் புத்தகத்தின் முன்பக்க அட்டவணையைக் கிழித்தாலும் உள்ளே பக்கங்கள் அப்படியே இருப்பதுபோல, டி.பி.எக்ஸ். கோப்பிலும் தண்டர்பேர்ட் கோப்பிலும் அழித்த கடிதத்தின் எழுத்து உடனே போவதில்லை. கோப்பைச் சுருக்கும் வேலை நடக்கும்வரை அது உள்ளேயே கிடக்கும். கோப்பையே நீக்கியிருந்தாலும், அந்த இடத்தின்மேல் வேறொன்று எழுதப்படும்வரை சுழலும் வன்தட்டில் அதை மீட்க வாய்ப்புண்டு. அவுட்லுக் 2002 வரையான பழைய பதிப்புகளின் பி.எஸ்.டி. கோப்பு 2 கிகாபைட்டைத் தாண்டினால் பழுதாகித் திறக்க மறுக்கும். ‘எல்லாம் போய்விட்டது’ என்று அன்றைக்குக் கைவிடப்பட்ட பெட்டிகளில் சில இந்த வகை. அளவை மீறிய பகுதியை வெட்ட மைக்ரோசொப்ட் தனியாக வெளியிட்ட கருவியைப் பயன்படுத்திய பின், அவுட்லுக்கோடு வரும் திருத்தும் கருவியால் இப்படியான கோப்புகளில் ஒரு பகுதியை மீட்கலாம்.

இதனால் முதல் விதி: பழைய கணினியை ‘ஒருக்கால் போட்டுப் பார்ப்போம்’ என்று இயக்க வேண்டாம். விண்டோஸ் ஒவ்வொரு தடவை எழும்போதும் வன்தட்டில் எதையாவது எழுதுகிறது. எழுதும் இடம் அழிந்த கடிதத்தின் இடமாக இருந்தால் அந்தக் கடிதம் நிரந்தரமாகப் போய்விடும். வன்தட்டைக் கழற்றி, யூ.எஸ்.பி. இணைப்பான் வழியாக வேறொரு கணினியில் பொருத்த வேண்டும். பழைய தட்டுகளில் அகலப் பட்டைக் கம்பி பொருந்தும் நாற்பது ஊசி வாய் இருக்கும், பின்னால் வந்தவற்றில் சிறிய சாட்டா வாய். இரண்டுக்கும் பொருந்தும் இணைப்பான் கிடைக்கிறது. மேசைக்கணினித் தட்டுக்குத் தனி மின்வழங்கலும் வேண்டும். பொருத்தியதும் முதல் வேலை, தட்டு முழுவதையும் அப்படியே ஒரு பிரதியாக எடுப்பது. தேடுவதும் திறப்பதும் மீட்பதும் எல்லாம் அந்தப் பிரதியில்தான் நடக்க வேண்டும். பிரதி எடுக்க டி.டி.ரெஸ்கியூ, நீக்கிய கோப்பைத் தேட டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் ஆகியன இலவசமாகவே இருக்கின்றன. கட்டாயம் காசு கொடுக்க வேண்டும் என்று சொல்பவரிடம் ஏன் என்று கேளுங்கள். தட்டு ‘டிக் டிக்’ என்று தட்டும் ஒலி எழுப்பினால் உடனே மின்சாரத்தை நிறுத்த வேண்டும். உள்ளே வாசிக்கும் முனை பழுதாகியிருக்கலாம், அப்படியானால் ஒவ்வொரு சுற்றிலும் அது தகட்டைக் கீறக்கூடும். நாற்புறமும் உப்புக்காற்று வீசும் தீவில் தட்டின் அடிப்பலகையில் உள்ள செப்புத் தொடுப்புகள் பச்சை படிந்து கெடுவது வழக்கம். அது பெரும்பாலும் வெளிப்பழுது, தகடு நல்லாகவே இருக்கும். அருவியாற்று வெள்ளத்தில் நனைந்த தட்டை வெயிலில் காயவைத்து இயக்கிப் பார்ப்பது மிகக் கெடுதி. நனைந்ததை மின்சாரம் கொடுக்காமல், திறக்காமல், பையில் கட்டி நிபுணரிடம் கொடுக்க வேண்டும். சற்றுப் புதிய மடிக்கணினிகளில் வரும் எஸ்.எஸ்.டி. வேறு சாதி. அதில் நீக்கியதைக் கணினியே பின்னணியில் துடைத்துவிடுவதால் மீட்பதற்கு வாய்ப்பு மிகக் குறைவு.

தட்டைக் கடைக்காரரிடம் ஒப்படைக்கும்போது கடிதங்களோடு வங்கி இலக்கமும் நோய்ப் பதிவும் பிள்ளைகளின் படமும் சேர்ந்தே போகின்றன. சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாட் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் 158 பழைய வன்தட்டுகளை விலைக்கு வாங்கிச் சோதித்து 2003இல் வெளியிட்ட முடிவை இங்கே நினைத்துக்கொள்ளலாம். இயங்கிய 129 தட்டுகளில் முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டும். மற்றவற்றில் கடனட்டை எண்களும் மருத்துவத் தகவல்களும் மின்னஞ்சல்களும் கிடந்தன. விற்றவர்களில் பலர் அழித்துவிட்டதாகவே நம்பியிருப்பார்கள். ஆகவே கடையில் கொடுக்கும்போது தட்டின் தொடர் இலக்கம் எழுதிய பற்றுச்சீட்டு வாங்குங்கள். என்ன எடுக்க வேண்டும், எதைத் தொடக் கூடாது, எடுத்த பிரதியைக் கடையின் கணினியிலிருந்து எப்போது அழிப்பார் என்பதை அதிலேயே எழுதச் சொல்லுங்கள். முடிந்தால் பக்கத்தில் இருந்து பாருங்கள். கொழும்புக்கு அனுப்ப வேண்டிவந்தால் கையோடு கொண்டுபோவது தபாலில் போடுவதைவிட நல்லது. கடைக்காரர் தட்டைப் பழுதாக்கிவிட்டால், அல்லது செய்யாத வேலைக்குக் காசு எடுத்தால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் கீழ் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிடலாம். 1977 என்ற இலக்கத்திலும் சபையைத் தொடர்புகொள்ளலாம். உங்கள் தகவலை அவர் திறந்து பார்த்தோ பரப்பியோ இருந்தால் அது நுகர்வோர் பிணக்கைத் தாண்டிய குற்றம். பொலிஸுக்குத்தான் போக வேண்டும்.

அந்தக் குற்றத்தை வரையறுப்பது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம். அதன் 3ஆம் பிரிவு, அதிகாரம் இல்லை என்று தெரிந்தும் ஒரு கணினியை மட்டுமல்ல, கணினியில் உள்ள தகவலை அணுகுவதையும் தண்டனைக்குரியதாக்குகிறது. ஓர் இலட்சம் ரூபா வரை அபராதம், அல்லது ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். இந்தப் பிரிவு எங்களுக்கும் பொருந்தும் என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். பழைய கணினியைக் காசு கொடுத்து வாங்கியவருக்குப் பெட்டி சொந்தம். அதற்குள் கிடக்கும் முன்னைய உரிமையாளரின் கடிதங்களை வாசிக்கும் உரிமையும் சேர்ந்தே வந்துவிடாது. வேலைசெய்த நிறுவனம் மூடப்பட்டபோது வீட்டுக்குக் கொண்டுவந்த கணினியும் அப்படியே. உங்கள் சொந்தக் கடிதம் வேறு, நிறுவனத்தின் கடிதம் வேறு. நிறுவனத்தினதை எடுக்க அன்றைய பொறுப்பாளர்களின் எழுத்துமூல அனுமதி வேண்டும். கணவன் மனைவிக்கிடையிலும் இந்தச் சட்டம் விதிவிலக்கு எதுவும் வைக்கவில்லை.

இறந்தவருடைய, காணாமற்போனவருடைய கடிதங்கள் இன்னும் கடினமான இடம். 2004 நவம்பரில் ஈராக்கின் ஃபலூஜாவில் கொல்லப்பட்ட அமெரிக்கப் படைவீரர் ஜஸ்டின் எல்ஸ்வேர்த்தின் தந்தை, மகனுடைய கடிதங்களைத் தரும்படி யாகூவைக் கேட்டார். கணக்கு மகனுடையது மட்டுமே, மரணத்தோடு முடிந்தது என்று யாகூ மறுத்தது. 2005 ஏப்ரலில் மிச்சிகன் மாநில நீதிமன்றம் கட்டளையிட்ட பின்பே குறுந்தட்டில் பதிந்து கொடுத்தது. அந்தத் தந்தையிடம் மரணத்தை நிறுவும் பத்திரம் இருந்தது, கட்டளையிட ஒரு நீதிமன்றம் பக்கத்தில் இருந்தது. மன்னாரில் ஒரு தாய்க்கு இரண்டும் இல்லை. 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம், இறப்புச் சான்றிதழை ஏற்க விரும்பாத குடும்பங்களுக்கு, ஆள் காணப்படவில்லை என்பதை மட்டும் பதிவுசெய்யும் சான்றிதழைத் தந்தது. காணாமற்போனவரின் அலுவல்களைக் கையாள அது ஒரு பிடி. ஆனால் கலிபோர்னியாவில் இருக்கும் கம்பனி அதை வாசித்துப் பெட்டியைத் திறந்துவிடும் என்று எதிர்பார்ப்பது வீண். பெட்டியும் இப்போது காலி. எனவே அந்தக் குடும்பத்துக்கு நடைமுறையில் எஞ்சும் வழி, வீட்டில் உள்ள தட்டும், அவரோடு எழுதிக்கொண்டிருந்த உறவினர், நண்பர், பங்குத்தந்தை ஆகியோரின் தட்டுகளும்தான். 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வலிந்து காணாமலாக்கப்பட்டவரின் குடும்பத்துக்கு உண்மையை அறியும் உரிமை உண்டு என்கிறது. அந்த உரிமைக்கு உணவாகக்கூடிய ஒரு திகதி, ஓர் இடம், ஒரு தொலைபேசி இலக்கம் அந்தக் கடிதங்களில் கிடக்கலாம்.

“கோர்ட்டில் இதெல்லாம் செல்லாது” என்பது அடுத்த மறுப்பு. ஒரு காலத்தில் இது சரியாக இருந்தது. 1978-79 சட்ட அறிக்கைகளில் பதிவான பென்வெல் வழக்கில், கணினிச் சாட்சியம் 1895ஆம் ஆண்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் எந்த வகைக்குள்ளும் அடங்காது என்று நீதிமன்றம் ஒதுக்கியது. அந்த இடைவெளியை 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் ஓரளவு மூடியது. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் அதைத் தாண்டிச் சென்றது. மின்னணு ஆவணம் என்ற ஒரே காரணத்துக்காக அதை ஒதுக்க முடியாது. எதிர்த்தரப்பு மாறாக நிறுவும்வரை அதன் உள்ளடக்கம் உண்மை என்றும், யார் பெயரில் இருக்கிறதோ அவரே எழுதினார் என்றும் நீதிமன்றம் அனுமானிக்கும். நீலக்கால் நண்டோ கடல் அட்டையோ வாங்கும் ஏற்றுமதியாளர் விலையையும் நிறையையும் மின்னஞ்சலில் ஒப்புக்கொண்டிருந்தால் அது எழுத்துமூல உடன்படிக்கையாகக் கொள்ளத்தக்கது. காலாவதிக் கட்டளைச் சட்டத்தில் எழுத்தில் உள்ள உடன்படிக்கைக்குப் பொதுவாக ஆறு ஆண்டு, வாய்ப்பேச்சுக்கு மூன்று ஆண்டு. பழைய கடிதம் ஒன்றைக் கண்டெடுப்பது வழக்கின் ஆயுளையே இரட்டிப்பாக்கக்கூடும். காணி விற்பனை, மரணசாசனம், தற்றத்துவம் ஆகியவற்றுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. மின்னஞ்சலால் காணி கைமாறாது, நொத்தாரிசு உறுதியே வேண்டும். ஆனாலும் இடம்பெயர்ந்த ஒருவர் தன் காணியைப் பார்த்துக்கொள்ளும்படி அயலவருக்கு எழுதியதும், அவர் ‘பார்த்துக்கொள்கிறேன்’ என்று பதில் எழுதியதும், அந்த அயலவர் பிறகு காணி தனது என்று நிற்கும்போது பெரிய சங்கதி.

செல்லாமல் போவது பெரும்பாலும் கடிதத்தின் பிழையால் அல்ல, மீட்டவரின் அவசரத்தால். கடிதத்தை அச்சிட்டுக் கொண்டுபோகிறார்கள். அச்சில் தலைப்புத் தகவல் இல்லை, எந்த வழங்கி வழியாக எத்தனை மணிக்கு வந்தது என்ற வரிகள் இல்லை. இன்னும் சிலர் வசதிக்காக வேர்ட் கோப்பில் ஒட்டிக்கொள்கிறார்கள். அதை யாரும் தட்டச்சு செய்திருக்கலாம் என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி சொன்னால் பதில் இல்லை. மீட்ட கோப்பை மூல வடிவிலேயே வைத்திருங்கள். அதிலிருந்து ‘ஹாஷ்’ எனப்படும் நீண்ட எண்ணைக் கணித்துக் குறித்துக்கொள்ளுங்கள். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும் என்பதால், பிறகு யாரும் கைவைக்கவில்லை என்பதற்கு அது சான்று. தட்டு யார் கையிலிருந்து யார் கைக்கு எந்தத் திகதியில் போனது என்று ஒரு தாளில் எழுதி ஒப்பமிட்டு வையுங்கள். இதற்குக் காசு செலவில்லை. சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

இதுவரை சொன்ன மறுப்புகளுக்குப் பதில் சொல்வது எளிது. கடைசி மறுப்புக்கு அப்படியில்லை: “தோண்டாதீர்கள். அழிந்தது அழிந்ததாகவே இருக்கட்டும். யாருடைய பெயர் எதில் கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும்?” பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இலிருந்து தலைக்கு மேல் தொங்கிய நாட்டில், சோதனைச்சாவடிகளுக்கிடையே வாழ்ந்த கரையில், இது கோழைத்தனமான கேள்வி அல்ல. பயத்தில் கடிதங்களை அழித்தவர்களையும் தட்டை உடைத்துக் கிணற்றில் போட்டவர்களையும் குறைசொல்ல எவருக்கும் தகுதியில்லை. ஆனால் இந்த மறுப்பு எதை நியாயப்படுத்துகிறது என்று பார்க்க வேண்டும். முழுமையாகத் துடைப்பதை அது நியாயப்படுத்தும். அலுமாரியில் போட்டு மறப்பதையோ, ‘டிலீட்’ அழுத்திவிட்டு விற்பதையோ அது நியாயப்படுத்தாது. அப்படிச் செய்தால் கடிதம் உங்களுக்கு இல்லை, யாரோ ஒரு அந்நியருக்கு உண்டு. மிக ஆபத்தான நிலை அதுதான். பயப்படுபவருக்கும் அதனால் முதல் வேலை தட்டில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது. பார்த்த பிறகு வைத்திருப்பதோ அழிப்பதோ அவருடைய உரிமை, ஒரு வழக்கோ விசாரணையோ நடந்துகொண்டிருந்தால் தவிர. அப்போது அழிப்பதே குற்றமாகிவிடலாம். வைத்திருப்பவர் வேராகிரிப்ட் போன்ற இலவச மென்பொருளால் பூட்டி வைக்கலாம், பூட்டிய பிரதி ஒன்றை ஊருக்கு வெளியே நம்பிக்கையானவரிடம் கொடுக்கலாம். கடிதத்தில் வரும் மற்றவர்களின் பெயரை, அவர்களைக் கேட்காமல் வெளியில் கொடுக்கக் கூடாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வீட்டு உபயோகத்துக்கு வைத்திருப்பதைத் தொடவில்லை. அதன் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வருவதும் தள்ளிப்போடப்பட்டது. ஆனால் பழைய பயனாளிப் பட்டியல்களை வைத்திருக்கும் தொண்டு நிறுவனமும் சங்கமும் இப்போதே அதன்படி நடக்கப் பழகுவது நல்லது.

மீட்ட கடிதங்களைக் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தின் மன்னார்ப் பிராந்திய அலுவலகத்துக்குக் கொடுப்பதா என்பதில் குடும்பங்களுக்கிடையே ஒருமித்த கருத்து இல்லை. அந்த அலுவலகத்தையே ஏற்க மறுத்துப் போராடுபவர்கள் உண்டு, அந்த அவநம்பிக்கைக்குக் காரணமும் உண்டு. கொடுக்க விரும்புபவர் தெரிந்திருக்க வேண்டியது, இரகசியமாகக் கொடுப்பதை இரகசியமாகவே காக்கும் கடமை 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தில் அதற்கு விதிக்கப்பட்டிருக்கிறது என்பது. எங்கே கொடுத்தாலும் பிரதியைக் கொடுங்கள், தட்டைக் கொடுக்காதீர்கள், பற்றுச்சீட்டு வாங்குங்கள். கணினிக் குற்ற விசாரணையில் பொலிஸ் தட்டை எடுத்துச் சென்றால், எடுத்தவற்றின் முழுப் பட்டியலையும் திகதி நேரத்தோடு தர வேண்டியது அவர்களின் சட்டக் கடமை. தரவின் பிரதியைக் கேட்டு விண்ணப்பிக்கவும் வழி இருக்கிறது.

அரசோடு எழுதிய கடிதங்களுக்குத் திரும்புவோம், அங்கேதான் காலக்கெடு இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் தகவல் என்பதற்குள் மின்னஞ்சலையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. காற்றாலைக்கும் இல்மனைட் அகழ்வுக்கும் எதிராக 2025இல் தெருவில் இறங்கிய மன்னார் மக்கள் கேட்கத்தக்க கடிதங்கள் பல திணைக்களங்களின் பெட்டிகளில் இருக்கும். மீனவர் சங்கங்கள் இழுவைப்படகுகளைப் பற்றி ஆண்டாண்டாக எழுதியவற்றுக்கும் அங்கே பதிவு இருக்க வேண்டும். ‘அப்படியொரு கடிதம் வரவில்லை’ என்று தகவல் அலுவலர் எழுதினால், உங்கள் தட்டிலிருந்து மீட்ட பிரதியில் திகதியும் பெறுநர் முகவரியும் இருக்கின்றன, மேன்முறையீட்டில் அதை இணையுங்கள். ‘2023 தாக்குதலில் போய்விட்டது’ என்று எழுதினால், எந்த முகவரி, எந்தத் திகதிக்கு உரியது என்று கேளுங்கள். மே 17க்கு முந்தியதற்கும் ஓகஸ்ட் 26க்குப் பிந்தியதற்கும் அந்தக் காரணம் பொருந்தாது. அந்தச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, சட்டம் நடைமுறைக்கு வந்தபோது ஏற்கெனவே இருந்த பதிவுகளைக் குறைந்தது பத்து ஆண்டும், அதன் பின் உருவானவற்றைப் பன்னிரண்டு ஆண்டும் பேண வேண்டும் என்கிறது. சட்டம் நடைமுறைக்கு வந்தது 2017 பெப்ரவரி 3. ஆகவே பழைய பதிவுகளுக்கான அந்தப் பத்தாண்டு 2027 பெப்ரவரி 3ஆம் திகதியோடு முடிவடைகிறது. ஒரு விண்ணப்பமோ மேன்முறையீடோ நிலுவையில் இருக்கும்வரை கேட்கப்பட்ட பதிவை அழிக்கக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. பழைய தட்டைத் திறந்து, உங்கள் கடிதத்தின் திகதியையும் அலுவலகத்தின் பெயரையும் எடுத்து, அந்த நாளுக்கு முன் விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள்.